தூத்துக்குடி வரைக்கும் குழாய் கேஸ் வந்தாச்சு, நெல்லைப் பட்டறைகளுக்கு வந்தா வேலை பெருகுமா?

பேட்டை பட்டறை:

எல்லாருக்கும் வணக்கம். பேட்டை பக்கம் அலுமினிய வார்ப்புப் பட்டறை வச்சிருக்கேன். 14 பேர் வேலை பாக்காங்க. பம்ப் மூடி, மோட்டார் கவர், கிரைண்டர் பாகம், இதான் நம்ம வார்ப்பு. உலை ரெண்டு. ரெண்டும் 19 கிலோ சிலிண்டர்ல ஓடுது, மாசத்துக்கு 60 சிலிண்டர் வரைக்கும் போகும். சம்பளத்துக்கு அடுத்த பெரிய செலவு அதுதான்.

போன வாரம் குழாய் கேஸ் கம்பெனி ஆள் ஒருத்தர் வந்தார். இந்தப் பக்கம் லைன் இழுக்கணும்னா போதுமான பட்டறைக கையெழுத்துப் போடணுமாம். படிவத்தை வாங்கிப் படிச்சேன். அஞ்சு வருஷ ஒப்பந்தம். பேசின அளவுல 80 சதவீதத்துக்கு, எடுத்தாலும் எடுக்காட்டாலும் பணம் கட்டணும். விலை மட்டும் அப்பப்போ கம்பெனி அறிவிக்கிறதுதான். "சிலிண்டரை விட மலிவு அண்ணாச்சி, கண்ணை மூடிக்கிட்டு போடுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார்.

கேள்வி ரெண்டு. ஒண்ணு, கையெழுத்துப் போடலாமா? ரெண்டாவது கொஞ்சம் பெரிய கேள்வி. நம்ம பிள்ளைக டிப்ளமோ முடிச்ச கையோட ஒசூருக்கும் கோயம்புத்தூருக்கும் பஸ் ஏறுதுக. மலிவு கேஸ் வந்த ஊர்ல எல்லாம் ஆலை வந்துச்சுன்னு சொல்லுதாங்க. நம்மூர்லயும் அது நடக்குமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. நான் பத்தாங்கிளாஸ்தான். கணக்கைப் பொறுமையா விளக்கினா புரிஞ்சுக்குவேன்.

மோர்பி போன தென்காசிக்காரன்:

அண்ணாச்சி, முதல் கேள்விக்கு என் வாழ்க்கையிலயே பதில் இருக்கு. குஜராத் மோர்பில ஒரு டைல்ஸ் ஆலைல ஏழு வருஷம் உலை ஆபரேட்டரா இருந்தேன். சின்ன ஊருதான், ஆனா நாட்டோட டைல்ஸ்ல பெரும்பகுதி அங்கதான் வேகுது. நூத்துக்கணக்கான ஆலை, ஒண்ணை ஒட்டி ஒண்ணு. அட்டைப்பெட்டி செய்யுதவன், உருளை மாத்துதவன், லாரிக்காரன், டிசைன் அச்சடிக்கிறவன்னு சுத்தி வேற ஒரு உலகமே பொழைக்குது.

முதல்ல அங்க நிலக்கரியை வாயுவா மாத்தித்தான் எரிச்சாங்க. ஊரே தார் நாத்தம் அடிக்கும். 2019 மார்ச்சில பசுமைத் தீர்ப்பாயம் அந்தக் கரிவாயு அடுப்பை எல்லாம் மூடச் சொல்லிட்டு. எல்லாரும் குழாய் கேஸுக்கு மாறினாங்க. ரெண்டு வருஷம் அருமையா ஓடுச்சு. உலை 1,150 டிகிரிக்கு மேல நிக்கும், கேஸ் தீ சுத்தம், டைல்ஸ்ல கறை விழாது, கழிவு குறைஞ்சது. ஏற்றுமதி ஏறுச்சு. புது ஆலை கட்டினாங்க. நானே ஊர்ல இருந்து நாலு பையன்களைக் கூட்டிட்டுப் போனேன்.

2022ல உக்ரைன் சண்டை. கப்பல்ல வர்ற திரவ கேஸ் விலை ஆசியாவுல ஒரு எம்எம்பிடியூ (கேஸோட சூட்டை அளக்கிற அலகு) 60 டாலரைத் தாண்டிச்சு. ரெண்டு வருஷம் முன்னால, 2020 கொரோனா நேரத்துல, அதே கேஸ் 2 டாலருக்குச் சீந்துவாரில்லாம கிடந்தது. ஆலைக்காரங்க சிலர் சிலிண்டர் கேஸ் வகையான புரொப்பேனுக்கு ஓடினாங்க. 2022 ஆகஸ்ட்ல மோர்பி ஆலைக கூடிப்பேசி ஒரு மாசம் உலையை அணைச்சாங்க. ஒடிசாக்காரன், பீகார்க்காரன் எல்லாம் ரயில் ஏறிட்டான். எங்க ஆலைல பாதிச் சம்பளம் தாரோம்னாங்க, அதுவும் முழுசா வரல. நான் கூட்டிட்டுப் போன நாலு பேரையும் நானே திருப்பிக் கூட்டிட்டு வந்தேன்.

அதனால சொல்லுதேன், கேஸ் மலிவா இருக்கறப்ப ஆலை வரும். அந்த மலிவு நிக்குமான்னு ஒப்பந்தத்துல எழுதலைன்னா, வந்த வேகத்துலயே போகும். உங்க படிவத்துல "விலையைக் கம்பெனி அறிவிக்கும்"னு ஒரு வரி இருக்கு பாருங்க, அதுலதான் என் கண்ணு நிக்குது.

பாளை பொருளியல்:

கல்லூரியில் பொருளியல் சொல்லிக்கொடுக்கிறேன். பட்டறை அண்ணனின் இரண்டாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

மலிவு எரிவாயு ஆலையை இழுக்கும் என்பது உண்மை. எந்த அளவுக்கு இழுக்கும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம், எரிவாயுவிலிருந்து மெத்தனால் என்ற ரசாயனம் செய்யும் ஓர் ஆலை. தென் அமெரிக்காவின் தென்கோடியில், சிலி நாட்டின் புன்ட்டா அரேனஸ் அருகே மெத்தனெக்ஸ் நிறுவனத்துக்கு ஆலைகள் இருந்தன. பக்கத்து அர்ஜென்டினாவிலிருந்து வந்த எரிவாயு நின்றுபோனது. அதே காலத்தில் அமெரிக்காவில் பாறைப்படிவ எரிவாயு பெருகியது. 2008இல் அங்கே ஒரு எம்எம்பிடியூ சராசரி 8 டாலருக்கு மேல் விற்ற வாயு 2012இல் 3 டாலருக்கும் கீழே வந்தது. மெத்தனெக்ஸ் என்ன செய்தது தெரியுமா? இரண்டு ஆலைகளைப் பகுதி பகுதியாகக் கழற்றிக் கப்பலில் ஏற்றி, லூசியானாவின் கெய்ஸ்மரில் இறக்கிப் பூட்டியது. 2015இல் இரண்டும் ஓடத் தொடங்கின. இரும்பும் கொதிகலனும் கடல் தாண்டிப் போயின. சிலியில் வேலை பார்த்தவர்களின் வீடும் பிள்ளைகளின் பள்ளியும் அப்படிப் போகுமா? இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும்.

நம் நாட்டிலும் பார்க்கலாம். குஜராத்தின் ஹசீராவிலிருந்து மத்தியப் பிரதேசத்தின் விஜய்ப்பூர் வழியாக உத்தரப் பிரதேசத்தின் ஜகதீஷ்பூர் வரை 1980களில் ஒரு குழாய் போட்டார்கள். அரசின் எரிவாயு நிறுவனமான கெயிலே 1984இல் அந்தக் குழாய்க்காகத்தான் பிறந்தது. அந்த வழித்தடத்தை ஒட்டி விஜய்ப்பூர், ஆன்லா, ஜகதீஷ்பூர், கடேபான், பப்ராலா, ஷாஜகான்பூர் என்று, எரிவாயுவிலிருந்து உரம் செய்யும் ஆறு யூரியா ஆலைகள் முளைத்தன. கடலோ துறைமுகமோ இல்லாத ஊர்கள். குழாய் அங்கே போனதால் ஆலை அங்கே போனது.

ஆனால் வேலையின் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். பென்சில்வேனியாவின் மொனாக்காவில் ஷெல் நிறுவனம் கட்டிய பிளாஸ்டிக் மூலப்பொருள் ஆலை 2022 நவம்பரில் தொடங்கியது. கட்டும்போது ஆயிரக்கணக்கானோருக்கு வேலை. கட்டி முடித்தபின் நிரந்தர வேலை சுமார் 600 பேருக்கு. அதற்காக அந்த மாநிலம் 25 ஆண்டுகளுக்கு 165 கோடி டாலர் வரிச்சலுகைக்கு ஒப்புக்கொண்டிருந்தது. எரிவாயுவைக் குடிக்கும் பெரிய ஆலைகள் பணத்தை நிறைய விழுங்கும், ஆட்களைக் குறைவாகத்தான் எடுக்கும். வேலை பெருகுவது அதன் அடுத்த கண்ணியில்தான்: மோர்பியில் அட்டைப்பெட்டி செய்கிறவர் என்று தென்காசித் தம்பி சொன்னாரே, அங்கே.

டிப்ளமோ 2023:

நான் கங்கைகொண்டான் பக்கத்து ஊர். மெக்கானிக்கல் டிப்ளமோ. அண்ணாச்சி சொன்ன பஸ்ல ஏறி ஒசூர்ல எட்டு மாசம் இருந்துட்டு வந்தவன்தான். அங்க வாடகை, சாப்பாடு போக வீட்டுக்கு ஒண்ணும் அனுப்ப முடியல.

எங்க ஊர் சிப்காட்ல டாடாவோட சோலார் ஆலை வந்துருக்கு, 4.3 ஜிகாவாட். வேலை பாக்கிறவங்கள்ல பெரும்பகுதி பொண்ணுங்க, எங்க தெருவுல இருந்தே போறாங்க. ஏடிசி டயர் ஆலை அதுக்கு முன்னாலயே இருக்கு. இது ரெண்டும் குழாய் கேஸைப் பாத்து வரலையே மேடம்? அப்போ கேஸ் இல்லாமலும் ஆலை வரும்தானே?

பாளை பொருளியல்:

நல்ல கேள்வி தம்பி. சரியாகத்தான் பிடித்திருக்கிறாய். சோலார் செல் ஆலைக்கு நிலம், மின்சாரம், தண்ணீர், துறைமுகம், அரசுச் சலுகை இவைதான் முக்கியம். ஆனால் அந்த சோலார் பலகையின் மேலே ஒரு கண்ணாடி இருக்கிறதே, அதை நினைத்துப் பார். கண்ணாடி உருக்கும் உலை 1,500 டிகிரிக்கு மேல் எரிய வேண்டும், ஒருமுறை பற்றவைத்தால் பத்தாண்டுக்கு மேல் இரவு பகல் அணையக் கூடாது. அணைந்தால் உள்ளே கண்ணாடி உறைந்து உலையே போய்விடும். அப்படிப்பட்ட தொழில் நம்பகமான எரிவாயு இருக்கும் இடத்தைத்தான் தேடும். சோலார் கண்ணாடி செய்யும் போரோசில் ஆலை குஜராத்தின் பரூச் மாவட்டத்தில் இருப்பது அதனால்தான் ஆச்சரியம் தரவில்லை. கங்கைகொண்டானில் செல் செய்கிறோம். அதன்மேல் போடும் கண்ணாடியையும் இங்கேயே செய்ய முடியுமா என்பதுதான் எரிவாயு சார்ந்த கேள்வி.

ரஸ் லஃபான் 11 வருஷம்:

நாங்குநேரிக்காரன். கத்தார்ல ரஸ் லஃபான் தொழில்நகரத்துல பராமரிப்பு வேலை. லீவுக்கு வந்திருக்கேன், இந்த இழையைப் படிச்சதும் எழுதாம இருக்க முடியல.

"மலிவு கேஸ்"ங்கிற வார்த்தையை நாம கொஞ்சம் பிரிச்சுப் பாக்கணும். கத்தார்க்காரனுக்கு அது மலிவு, ஏன்னா அவன் காலுக்குக் கீழ இருக்கு. 1971ல கண்டுபிடிச்ச வயல், இன்னும் தீரல. அவன் அதை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர வச்சு, அறுநூத்துல ஒரு பங்கா சுருக்கிக் கப்பல்ல ஏத்துதான். அந்தக் குளிர வைக்கிற எந்திரத்தைப் பாத்தாத்தான் தெரியும், எவ்வளவு பணம் அதுல நிக்குதுன்னு. நம்ம கரைக்கு வந்து மறுபடி சூடாக்கி வாயுவாக்கி, குழாய்ல தள்ளி, ஊருக்குள்ள பிரிச்சு, வரி போட்டு வரணும்.

ஒரு தோராயக் கணக்குப் போடுவோம். அமெரிக்காவுல வாயு 3 டாலர்னு வச்சுக்கிடுங்க. ஒப்பந்தத்துல வழக்கமா அந்த விலையில 115 சதவீதம், அதோட திரவமாக்குறதுக்கு 3 டாலர் பக்கம். அதுவே ஆறரை ஆச்சு. கப்பல் வாடகை ஒண்ணரை, ரெண்டு. இங்க வாயுவாக்க முக்கால், ஒண்ணு. அப்புறம் சுங்கம், குழாய்க் கட்டணம், ஊர்க்குழாய்ச் செலவு, மாநில வரி. பேட்டை உலை வாசலுக்கு வரும்போது 10 டாலருக்குக் கீழ நிக்காது. டெக்சாஸ் ஆலைக்காரன் 3 டாலர்ல எரிக்கிறதை நாம மூணு மடங்குக்கு மேல கொடுத்து எரிப்போம். அதனால டெக்சாஸ் மாதிரி நெல்லைக்கு ரசாயன ஆலை வரிசை கட்டி வரும்னு எதிர்பாக்கக் கூடாது.

உள்நாட்டு வாயு மலிவுதான். 2023 ஏப்ரல்ல இருந்து பழைய வயல் வாயுவுக்கு அரசாங்கம் உச்சவரம்பு வச்சிருக்கு, ஆறரை டாலர்ல ஆரம்பிச்சது. ஆனா அது முதல்ல வீட்டு அடுப்புக்கும் வண்டி சிஎன்ஜிக்கும்தான் போகும். பட்டறைக்கு வர்றது பெரும்பாலும் கப்பல் கேஸ்.

இன்னொரு விஷயம், பட்டறை அண்ணாச்சிக்காக. எடுத்தாலும் எடுக்காட்டாலும் பணம் கட்டுங்கிற விதியைப் பாத்து நீங்க பயப்படுறது நியாயம். ஆனா உலகம் முழுக்க கேஸ் யாவாரமே அந்த விதியிலதான் நடக்கு. குழாய் போட்டவன் முதலீடு திரும்பணும்லா. அதே சமயம், அந்த விதி கல்வெட்டு இல்ல. கத்தாரோட இந்தியாவுக்கு 1999ல போட்ட 25 வருஷ ஒப்பந்தம், வருஷத்துக்கு 75 லட்சம் டன். 2015ல சந்தை விலை சரிஞ்சப்ப ஒப்பந்த விலை அதைப்போல ரெண்டு மடங்கா நின்னுச்சு. இந்தியா குறைச்சு எடுத்தது. கடைசில உக்காந்து பேசி, விலைக் கணக்கை மாத்தி, குறைச்சு எடுத்ததுக்கான தண்டத்தையும் தள்ளுபடி வாங்கினாங்க. பெருசா வாங்குறவன் பேசினதால நடந்துச்சு. 60 சிலிண்டர் பட்டறை தனியாப் போய்ப் பேசினா யாரு கேப்பா? அந்த வட்டாரத்துல எத்தனை உலை இருக்கோ அத்தனையும் சேந்து போங்க.

முள்ளக்காட்டு மாமா:

கத்தார் தம்பி சொல்லுறது சரி, ஆனா தூத்துக்குடியில நடந்ததையும் சேத்துப் பாரும்வே. எங்க ஊரை ஒட்டித்தான் ஸ்பிக் உர ஆலை. 1975ல இருந்து யூரியா. வருஷத்துக்கு 6.2 லட்சம் டன் கொள்ளளவு. முழுக்க நாப்தாவுல ஓடின ஆலை. நாப்தாங்கிறது பெட்ரோலுக்குச் சித்தப்பன் பிள்ளை, கச்சா எண்ணெய் ஏறினா அதுவும் ஏறும். யூரியாச் செலவுல முக்கால் பங்கு எரிபொருளும் மூலப்பொருளுமாத்தான் போகும். விவசாயிக்கு மூட்டை விலையை அரசாங்கம் கட்டிப் போட்டிருக்கு, மிச்சம் மானியம். நாப்தா ஆலைக்கு மானியம் தொடருமா இல்லையாங்கிற பேச்சு வரும்போதெல்லாம் தெற்க இருக்கிற மூணு ஆலையும், மணலி, மங்களூர், தூத்துக்குடி, தடுமாறும். 2014 கடைசியில கொஞ்ச காலம் நின்னதும் உண்டு.

பொறவு மணலி 2019லயும் மங்களூர் 2020லயும் வாயுவுக்கு மாறுச்சு. 2021 பிப்ரவரி 17ல ராமநாதபுரம்–தூத்துக்குடி குழாயை, 143 கிலோமீட்டர், நாட்டுக்குத் திறந்து வச்சாங்க. ராமநாதபுரம் வயல்ல ஓஎன்ஜிசி எடுக்கிற வாயு இங்க வருது. இது கப்பல் கேஸ் இல்ல, நம்ம பக்கத்து மண்ணுல இருந்து வர்றது. ஆலையும் மாறிடுச்சு.

புது வேலை எத்தனை வந்துச்சுன்னு கேட்டா, கைவிரல்ல எண்ணலாம். ஆனா இருந்த வேலை போகாம தப்பிச்சுச்சே, அதை ஏன் ஒருத்தரும் கணக்குல சேக்க மாட்டேங்காவ? ஆலை, அதுக்கு ஓடுற லாரி, மூட்டை தூக்குறவங்க, ஆலையை ஒட்டி நடக்கிற சோடா உப்புத் தொழில், கேண்டீன், பள்ளிக்கூடம். ஜெர்மனியில பாஸ்ஃப் ரசாயன நிறுவனம் 2023ல லுட்விக்ஸ்ஹாஃபன்ல ஒரு அம்மோனியா ஆலையை மூடுறேன்னு சொல்லி, உலகம் முழுக்க 2,600 வேலையைக் குறைக்கிற திட்டத்தையும் அதோட அறிவிச்சான். வாயு விலை ஏறினதுதான் பெரிய காரணம். அந்த மாதிரி ஒரு அறிவிப்பு நம்ம கரையில வராம இருந்ததும் ஒரு பலன்தான்.

கரிசக்காட்டு அக்கா:

எல்லாரும் ஆலைக்காரங்க பக்கம் இருந்தே பேசுதீங்க. எட்டயபுரத்துக்குக் கிழக்க எங்க காடு. எங்க சொந்தக்காரங்க நெலத்து வழியா ஒரு குழாய் போயிருக்கு. 1962ஆம் வருஷச் சட்டமாம். நெலம் நம்ம பேர்லயே இருக்கும், ஆனா அது மேல வீடு கட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது, கெணறு தோண்டக் கூடாது. நெல மதிப்புல பத்து சதவீதம் நட்டஈடு, பயிருக்குத் தனியா. உளுந்தும் கம்பும் மக்காச்சோளமும் போடலாம், போடுதாங்க. ஆனா நாளைக்கு மகனுக்கு அதுல வீடு கட்ட முடியாதுல்லா? கொங்குப் பக்கத்துல ஏழு மாவட்ட விவசாயிக இதுக்காகத்தான் கெயில் குழாயை மறிச்சாங்க. 2016ல உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு.

நான் வேண்டாம்னு சொல்லல. குழாய் எங்க காட்டு வழியாப் போகுது, வேலை வேற ஊருக்குப் போகுதுன்னா மனசு ஆறாது. விளாத்திகுளம் பக்கம் சீமைக்கருவேலம் வெட்டி கரிமூட்டம் போட்டுப் பொழைக்கிற குடும்பம் எத்தனைன்னு வந்து பாருங்க. புகையில நெஞ்சு போயி, கண்ணு போயி நிக்காங்க. கரி வாங்குறவங்க எல்லாம் கேஸுக்கு மாறினா அந்த வேலையும் போயிரும். அது போகட்டும், நல்ல வேலை இல்ல அது. ஆனா போற எடத்துல அவங்க பிள்ளைகளுக்கு என்ன இருக்கு? அதையும் யாராச்சும் எழுதுங்க.

பாளை பொருளியல்:

அக்கா எழுதியதைப் படித்தபின் என் முதல் பதிவில் ஒன்று குறைந்ததை உணர்கிறேன். வழித்தடத்து ஊர்களுக்குக் குழாயிலிருந்து ஒரு வால்வு கிடைக்கிறதா என்பதுதான் எல்லாமே. நம் பக்கத்தில் கொச்சியைப் பாருங்கள். புதுவைப்பீனில் கப்பல் எரிவாயுவை இறக்கும், ஆண்டுக்கு 50 லட்சம் டன் கொள்ளளவுள்ள முனையம் 2013இல் தயாராகிவிட்டது. மங்களூருக்குப் போக வேண்டிய 450 கிலோமீட்டர் குழாய் 2021 ஜனவரியில்தான் திறந்தது. இடைப்பட்ட பல ஆண்டுகள் அந்த முனையம் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குகூட ஓடவில்லை. கடலில் கேஸ், கரையில் தொட்டி, தாண்டினால் ஒன்றுமில்லை. கடைசிப் பத்து கிலோமீட்டர் போடாவிட்டால் முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு அர்த்தம் கிடையாது.

விக்கிரமசிங்கபுரம்:

எங்க ஊரை விட்டுட்டுப் பேசுதீங்களே. எரிபொருள் ஆலையை இழுக்குதுங்கிறதை நெல்லைச் சீமைக்கு அமெரிக்காக்காரன் சொல்லித் தர வேண்டாம். 1880கள்ல ஹார்வி சகோதரர்கள் பாபநாசம் மலையடிவாரத்துல பஞ்சாலை வச்சது எதுக்கு? தாமிரபரணி விழுகிற விசைக்கு. பருத்தி கரிசக்காட்டுல, துறைமுகம் தூத்துக்குடியில, ஆலை மட்டும் மலைக்குக் கீழ. தண்ணிக்கு நீராவி எந்திரத்தைப் போல கரி வாங்க வேண்டாம். ஆலை வந்து ஊரு வந்துச்சு. எங்க தாத்தா, அப்பா எல்லாரும் மில்லுச் சங்கு கேட்டு எந்திரிச்சவங்க.

அப்புறம் 1944ல பாபநாசத்துல நீர்மின் நிலையம் வந்துச்சு. கம்பியில மின்சாரம் போனதும் ஆலை அருவிக்குப் பக்கத்துல இருக்க வேண்டிய அவசியம் போச்சு. நான் இதுல இருந்து எடுத்துக்கிடுதது இதுதான்: விசை எங்க நகர முடியாம நிக்குதோ, அங்க ஆலை வரும். விசையை எங்கயும் அனுப்பலாம்னு ஆயிட்டா, ஆலை வேற காரணத்தைத் தேடும், நல்ல ஆளு, நல்ல ரோடு, பழக்கமான கை. குழாய் கேஸ் ரெண்டுக்கும் நடுவுல இருக்கு. லைன் போன எடத்துக்கு மட்டும் போகும்.

மோர்பி போன தென்காசிக்காரன்:

விக்கிரமசிங்கபுரத்து அண்ணாச்சி சொன்னது மனசுல நிக்கும். இப்ப பட்டறைக் கணக்குக்கு வாரேன்.

19 கிலோ சிலிண்டர்ல இருக்கிற சூடு, குழாய் கேஸ்ல ஏறக்குறைய 23 கன மீட்டருக்குச் சமம். சிலிண்டர் விலையை 23ஆல வகுங்க. சிலிண்டர் 1,840 ரூபான்னு வச்சா 80 வருது. அப்போ வரி எல்லாம் சேத்து ஒரு கன மீட்டர் 80க்குக் கீழ கிடைச்சாத்தான் உங்களுக்கு மிச்சம். ஒவ்வொரு மாசமும் இந்த வகுத்தலைப் போட்டு ஒரு நோட்டுல எழுதி வாங்க. இன்னொண்ணு, குழாய் கேஸ் ஜிஎஸ்டிக்குள்ள இல்ல. சிலிண்டருக்குக் கட்டுற வரியை நீங்க விக்கிற பில்லுல கழிச்சுக்கிடலாம், குழாய் கேஸுக்குக் கட்டுற மாநில வரியைக் கழிக்க முடியாது. ஒப்பிடும்போது சிலிண்டரை வரி இல்லாத விலைக்கும், குழாய் கேஸை வரியோட விலைக்கும் எடுங்க. பாதிப்பேரு இங்கதான் ஏமாறுதாங்க.

பர்னரையும் மாத்தணும். ஒரே கன அளவுக்கு சிலிண்டர் கேஸ்ல சூடு ரெண்டரை மடங்கு ஜாஸ்தி. அதனால நாசில் துளை பெருசாகணும், காத்து அளவு மாறணும். ரெண்டு எரிபொருளுக்கும் மாத்திக்கிற மாதிரி பர்னர் போடுங்க, கொஞ்சம் கூட ஆனாலும் பரவால்ல. 2022ல மோர்பில புரொப்பேனுக்கு மாற முடிஞ்சவன்தான் முதல்ல எந்திரிச்சான்.

யாருக்கு இது லாபம், யாருக்கு இல்லன்னும் சொல்லிருதேன். அம்பாசமுத்திரம் அரிசி ஆலைக்காரர் தன் உமியையே எரிக்கார், அவருக்கு வேண்டாம். தாழையூத்து சிமெண்ட் மாதிரி கரியில ஓடுறவங்களுக்கும் கணக்கு வராது. சிலிண்டரும் டீசலும் எரிக்கிறவங்க, தீ சுத்தமா வேணும்ங்கிறவங்க, பவுடர் கோட்டிங், வார்ப்பு, பேக்கரி, அல்வாக் கொப்பரை, பீங்கான், இவங்களுக்குத்தான். இதுல எல்லாம் ஒரு உலைக்குப் பின்னால பத்துப் பன்னெண்டு கை வேலை செய்யுது. மேடம் சொன்ன அடுத்த கண்ணி இதுதான்னு நினைக்கேன்.

காருகுறிச்சி மண்:

பீங்கான்னு சொன்னதால ஒரு வரி. நாங்க பானை சுடுறவங்க. வெறகு, வைக்கோல், எருவுல சூளை. மழைக்காலத்துல மூணு மாசம் சுட முடியாது. சின்னதா ஒரு கேஸ் உலை ஊருக்குப் பொதுவா இருந்தா மழையிலயும் சுடலாம், பூச்சுப் போட்ட சாமானும் செய்யலாம். தனியா ஒரு வீட்டால கட்ட முடியாது. எங்களையும் அந்த லிஸ்ட்ல வச்சுக்கிடுங்க.

பேட்டை பட்டறை:

பதினேழு நாள் கழிச்சு வாரேன், மன்னிக்கணும். நீங்க எழுதின எல்லாத்தையும் அச்செடுத்துப் பட்டறையில மாட்டி வச்சிருக்கேன்.

நடந்ததைச் சொல்லுதேன். எங்க பக்கத்துல இருக்கிற ஒம்பது பட்டறைக்காரங்களைக் கூட்டினேன். பவுடர் கோட்டிங் ரெண்டு, பேக்கரி ஒண்ணு, வார்ப்பு நாலு, மிச்சம் சூட்டுப் பதம் வைக்கிறவங்க. எல்லார் நோட்டையும் கூட்டிப் பாத்தா மாசம் 700 சிலிண்டர் பக்கம் வருது. கத்தார் தம்பி சொன்ன மாதிரி ஒண்ணாப் போனோம். முதல்ல வந்த ஆளு இல்லாம அவருக்கு மேல ஒருத்தர் உக்காந்து பேசினார். 80 சதவீதத்தை 60 ஆக்கச் சொன்னோம். விலை எதைப் பாத்து ஏறும் இறங்கும்னு சூத்திரத்தை ஒப்பந்தத்துல எழுதணும்னு கேட்டோம். சிலிண்டர் கணக்கை விட மூணு மாசம் தொடர்ந்து கூடப் போனா நிறுத்திக்கிற உரிமை கேட்டோம். முதல் ரெண்டுக்கும் யோசிக்கோம்னாங்க. மூணாவதுக்கு முகம் சுருங்கிடுச்சு. இன்னும் யாரும் கையெழுத்துப் போடல, அடுத்த கூட்டம் இருபதாம் தேதி.

கரிசக்காட்டு அக்காவுக்கு: உங்க கேள்விக்கு என்கிட்ட முழுப் பதில் இல்லம்மா. ஆனா லைன் வந்தா எனக்கு மூணாவது உலை வைக்க இடம் இருக்கு. அதுக்கு நாலு ஆள் வேணும். வார்ப்பு ஒண்ணும் பெரிய வித்தை இல்ல, ஆறு மாசத்துல கை பழகிரும். விளாத்திகுளம் பக்கத்துப் பையன்க இருந்தா அனுப்புங்க. தங்குறதுக்கு மாடியில அறை இருக்கு. காருகுறிச்சித் தம்பி, உங்களையும் இருபதாம் தேதிக் கூட்டத்துல பேர் சொல்லிக் கேக்கேன்.

இப்ப ஒரு உதவி. ரெண்டு எரிபொருள் பர்னர், நாசில் மாத்துறது, காத்து கேஸ் அளவு பிடிக்கிறது, இதெல்லாம் தெரிஞ்ச ஆள் நெல்லையில தேடித் தேடிப் பாத்தேன், கிடைக்கல. கோயம்புத்தூர்ல இருந்து கூப்பிட்டா ஒரு நாளைக்கே பெரிய காசு கேக்காங்க.

மோர்பி போன தென்காசிக்காரன்:

அண்ணாச்சி, நான் வாரேன். காசு வேண்டாம், பஸ் செலவு போதும். ஆனா ஒரு நாள்ல முடியாது, பக்கத்துல ஒரு பையனை நிப்பாட்டுங்க. அவனுக்குச் சொல்லிக் கொடுத்துட்டுப் போயிருதேன். ஒம்பது பட்டறைக்கும் அவனே பாத்துக்கிடுவான்.

டிப்ளமோ 2023:

அண்ணாச்சி, அந்தப் பையன் நானா இருக்கலாமா? பர்னர் பத்தி புத்தகத்துல படிச்சதோட சரி, கையில தொட்டதில்ல. திங்கக்கிழமை காலைல 9 மணிக்கு வரலாமா?

பேட்டை பட்டறை:

7க்கே வா தம்பி. உலையை அப்பதான் பத்த வைப்போம்.